ஷெல்டனைத் தாண்டிய ஜிம் பார்சன்ஸ்

கேள்வி: 'த பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் விஞ்ஞானி ஷெல்டனாக நடித்த ஜிம் பார்சன்ஸ், பணமும் விருதும் வந்து இடம் உறுதியான பிறகுதான் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியே சொன்னார். அதன் பிறகு அந்த மாதிரிப் பாத்திரங்களாகவே செய்கிறார். இதை ஒரு பெரிய நடிப்பு வாழ்க்கை என்று ஏன் தூக்கிவைத்துப் பேசுகிறீர்கள்?
– வாசகர், திருச்சி

பதில்: முதல் பாதியில் உண்மை இருக்கிறது. 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் அந்தச் செய்தி வந்தபோது அவரிடம் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டு இருந்தன. தொடர் ஐந்தாவது சீசனை முடித்திருந்தது. 1997-இல் வெளிப்படையாகச் சொன்ன நகைச்சுவை நடிகை எலன் டிஜெனரஸின் தொடர் அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது. 2006-இல் சொன்ன நடிகர் நீல் பாட்ரிக் ஹாரிஸ், 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' தொடரில் பெண்களைத் துரத்தும் பார்னியாக 2014 வரை நடித்துக்கொண்டிருந்தார். எலன் கொடுத்த விலையை பார்சன்ஸ் கொடுக்கவில்லை என்பது சரி.

ஆனால் வரிசையைப் பாருங்கள். அந்தக் கட்டுரைக்கு ஓராண்டு முன்பே, 2011-இல், லாரி கிரேமரின் 'த நார்மல் ஹார்ட்' நாடகத்தில் டாமி போட்ரைட்டாக, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் மேடை ஏறிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எய்ட்ஸ் பரவியபோது அரசும் பத்திரிகைகளும் முகம் திருப்பிக்கொண்டதைப் பற்றிய நாடகம் அது. தன்னை மறைத்துக்கொள்ள நினைக்கும் சிட்காம் (நகைச்சுவைத் தொடர்) நட்சத்திரம் தேர்ந்தெடுக்கும் மேடை அல்ல. பத்திரிகை அதை எழுதிய பிறகும் அவர் எதையும் இழக்கவில்லை. 2013-இலும் 2014-இலும் மேலும் இரண்டு எம்மி. 2014-இல் எபிசோடு ஒன்றுக்குப் பத்து லட்சம் டாலர் சம்பளம் என்று செய்தி வந்தது. வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று நடிகர்களை மிரட்டிக்கொண்டிருந்த ஏஜெண்டுகளுக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

அவருடைய நாட்காட்டியைப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கை எப்படி உழைத்துக் கட்டப்பட்டது என்பது தெரியும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட தொடர்களின் படப்பிடிப்பு ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். வாரத்துக்கு ஓர் எபிசோடு: எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் படிப்பது, ஒத்திகை, சிரிப்பு வராத இடங்களைத் திருத்தி எழுதுவது, கேமராவுக்கு இடம் குறிப்பது, கடைசியில் பார்வையாளர்கள் முன்னால் படப்பிடிப்பு. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் கோடை மாதங்களில் பார்சன்ஸ் நியூயார்க்குக்குப் போனார். 'நார்மல் ஹார்ட்' 2011 ஏப்ரல் முதல் ஜூலை வரை. 'ஹார்வி' 2012 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. 'அன் ஆக்ட் ஆஃப் காட்' 2015 மே முதல் ஆகஸ்ட் வரை. அதில் கடவுளாக வந்து ஏறக்குறைய முழு நாடகத்தையும் தனியாகவே பேசித் தாங்குகிறார். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ரீடேக் கிடையாது.

பார்வையாளர்கள் முன்னால் எடுக்கப்படும் சிட்காமில் பழகியவருக்கு மேடையில் ஒரு சாதகம் உண்டு: சிரிப்பு எழுந்து அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, சரியாக அது தணியும் நொடியில் அடுத்த வசனத்தை எடுக்கத் தெரியும். பாதகமும் அதிலிருந்தே வருகிறது. ஷெல்டனைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு இடம் கொடுத்தால் நாடகம் செத்துவிடும். பார்சன்ஸுக்குப் பின்னால் முறையான பயிற்சி இருந்தது. ஹூஸ்டனில் நாடகம், பிறகு சான் டியேகோவில் ஓல்ட் குளோப் அரங்கோடு இணைந்த முதுகலைப் படிப்பு, 2001-இல் முடித்தார். ஷெல்டன் வந்தது அதற்கு ஆறு ஆண்டு கழித்து.

2018-இல் நடித்த 'த பாய்ஸ் இன் த பேண்ட்' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மார்ட் கிராலி எழுதி 1968-இல் முதலில் மேடையேறிய நாடகம். அன்று நடித்த ஒன்பது பேரில் ஐந்து பேரைப் பின்னாளில் எய்ட்ஸ் கொண்டுபோனது. ஐம்பதாவது ஆண்டில் பிராட்வேக்கு வந்தபோது ஒன்பது நடிகர்களும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள். இயக்கியவர் ஜோ மாண்டெல்லோ, 2011-இல் 'நார்மல் ஹார்ட்'டின் நாயகனாக நடித்தவர். பார்சன்ஸுக்கு மைக்கேல் பாத்திரம். பிறந்தநாள் விருந்து வைக்கிறவன், விட்டிருந்த குடியை மறுபடி தொட்டதும் விருந்தினர்களைக் குத்தத் தொடங்குகிறான். எல்லாரையும் ஒரு விளையாட்டுக்குள் இழுக்கிறான்: உண்மையாக நேசித்த ஒருவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். அழைத்தால் ஒரு புள்ளி, அவரே எடுத்தால் இரண்டு, பெயரைச் சொன்னால் இரண்டு, காதலைச் சொல்லிவிட்டால் ஐந்து. கசப்பு முழுவதையும் பார்வையாளர்மேல் கொட்டிவிட்டு, கடைசியில் அவர்களுடைய இரக்கத்தையும் வாங்க வேண்டிய பாத்திரம். அந்த 2018 மே மாதம்தான் தொலைக்காட்சியில் ஷெல்டனுக்கும் அவன் காதலி ஏமிக்கும் கல்யாணம் ஒளிபரப்பானது. நாடகத்தின் முறையான தொடக்கத்துக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகளின்போது பார்சன்ஸுக்குக் காலில் அடிபட்டது. 2019-இல் இந்த மறுமேடையேற்றத்துக்கு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது.

தொடரை விடும் முடிவும் அந்தக் கோடையில்தான் பிறந்தது என்று அவரே பின்னர் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில் சொன்னார். நாடகம் முடிந்தது ஆகஸ்ட் 11. பன்னிரண்டாவது சீசனோடு தொடர் நிறைகிறது என்ற அறிவிப்பு அதே மாதம் வந்தது. தந்தை 52 வயதில் இறந்தவர். தனக்கும் மிச்சம் சில ஆண்டுகள்தான் என்றால் வேறு எதையெல்லாம் முயன்று பார்க்க வேண்டும் என்று யோசித்ததாகச் சொன்னார். தொலைக்காட்சியின் மிகப் பெரிய சம்பளங்களில் ஒன்றைத் தானாகவே விட்டுவிட்டு எழுந்தவரைப் பார்த்து 'இடம் உறுதியான பிறகு' என்று நீங்கள் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உங்கள் இரண்டாவது குற்றச்சாட்டு தவறு. 'ஹார்வி'யில் கண்ணுக்குத் தெரியாத முயலோடு பேசும் எல்வுட், 'ஹிடன் ஃபிகர்ஸ்' படத்தில் நாசா பொறியாளர், 2024-இல் 'அவர் டவுன்' நாடகத்தில் கதையை நடத்திச் செல்லும் ஸ்டேஜ் மேனேஜர்: இவற்றில் எது அந்த மாதிரி? தன்பாலீர்ப்புள்ளவர்களாக நடித்தவையும் ஒன்றுபோல் இல்லை. 'ஹாலிவுட்' தொடரில் இளம் நடிகர்களைச் சுரண்டும் ஏஜெண்ட் ஹென்றி வில்சனாக வந்து அருவருக்க வைக்கிறார். 2022-இல் சிறிய அரங்கொன்றில் 'எ மேன் ஆஃப் நோ இம்பார்டன்ஸ்' இசை நாடகத்தில் மனத்தைப் பூட்டிவைத்த டப்ளின் பஸ் கண்டக்டர். இதே மாதிரிப் பாத்திரங்களுக்கு டாம் ஹாங்ஸ் 1994-இலும் ஷான் பென் 2009-இலும் ஆஸ்கர் வாங்கியபோது அதை நடிப்பின் வீச்சு என்றோம். அந்த வாழ்க்கையை வாழ்கிறவர் நடித்தால் மட்டும் 'அதையே செய்கிறார்' என்பதா?

'த பாய்ஸ் இன் த பேண்ட்' அதே ஒன்பது நடிகர்களோடு, அதே இயக்குநரின் கையில், 2020-இல் நெட்ஃபிளிக்ஸுக்காகப் படமானது. 'நார்மல் ஹார்ட்' 2014-இல் எச்பிஓ தொலைக்காட்சிப் படமாக வந்தது. பார்சன்ஸ் அதே டாமியாக நடித்து எம்மி பரிந்துரை பெற்றார். முதலில் 'நார்மல் ஹார்ட்', பிறகு மற்றது என்ற வரிசையில் பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகும் உங்களுக்கு ஷெல்டன் மட்டுமே தெரிந்தால், எந்தக் காட்சியில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே பேசலாம்.