காரைக்காலிலிருந்து குவாதலூப் வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, "கணவருக்குக் குவாதலூப்பில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா, நான் தனியாகிவிடுவேனா?" என்று கேட்டிருக்கிறாய். கரீபியன் கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு நான் வந்து பதினெட்டு வருடமாகிறது, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டு வா. பிரெஞ்சு தெரிந்தால் ஆபீஸ் வேலை நடக்கும், இங்குள்ளவர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் கிரேயோல் மொழி தெரிந்தால்தான் மனிதர்கள் நெருங்குவார்கள். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

தமிழ் பேசுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் கடைப் பலகையில் ராமசாமி, முத்துசாமி என்று பார்ப்பாய். வந்த புதிதில் அப்படிப் பெயருள்ள பக்கத்து வீட்டு அம்மாவிடம், "உங்களுக்கு எப்படித் தமிழ் தெரியாமல் போச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வியை நீ யாரிடமும் கேட்காதே.

ஏன் கேட்கக் கூடாது என்பது புவாந்தாப்பித்ர் நகரின் கடலோரத்தில் இருந்த தார்பூசியே சர்க்கரை ஆலையின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது. 1848-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்களில் பலர், சாட்டையடி பட்ட அதே கரும்புக் காட்டுக்குத் திரும்ப விரும்பவில்லை. முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 1854 கிறிஸ்துமஸை ஒட்டி 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதிலிருந்து 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். நம் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறியவர்கள் அவர்களில் நிறைய. ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். திரும்பியவர்கள் 10,000 பேர்கூட இல்லை. நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம்.

தார்பூசியே 1869-இல் ஓட ஆரம்பித்தது. கட்டியவர்கள் எர்னஸ்ட் சூக், ழான்-பிரான்சுவா காய் என்ற இருவர். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொந்தமாகக் காற்றாலைச் செக்கு, சாறு காய்ச்சும் கொப்பரை வரிசை என்று இருக்கும். கல்லில் கட்டிய அந்தச் செக்குக் கோபுரங்கள் மொட்டையாக இன்றும் வயல் நடுவில் நிற்கின்றன. நீராவி ஆலை வந்ததும், சுற்றுவட்டாரக் கரும்பெல்லாம் ஒரே வாய்க்குள் போனது. வெட்டிய கரும்பைப் போட்டு வைக்க முடியாது, நாள் போகப் போக அதில் சர்க்கரை குறையும். ஆலை நிற்கக் கூடாதென்றால் வெட்டும் கை நிற்கக் கூடாது. நம் ஆட்கள் அந்த ஓட்டத்துக்குத்தான் ஓடினார்கள். தோட்டம் தோட்டமாகச் சிதறிப்போனவர்களின் பிள்ளைகளுக்கு வயலில் கிரேயோல், பள்ளியிலும் சர்ச்சிலும் பிரெஞ்சு. தமிழை அவர்கள் தொலைக்கவில்லையம்மா, அவர்களிடமிருந்து அது பறிபோனது.

இந்த மண்ணில் பிறந்தும் அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகக் கருதப்படவில்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கிய ஓட்டுரிமை வழக்கு 1923-இல்தான் முடிவுக்கு வந்தது. நம்மிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறதே, அதே உரிமைக்கு அவர் பத்தொன்பது வருடம் போராடினார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்.

ஆலை 1980-இல் மூடியது. அந்த இடத்தில் 2015-இல் அடிமை வணிகத்துக்கான நினைவகம் கட்டினார்கள், கறுப்புக் கல் சுவரின் மேல் வேர் படர்ந்ததுபோல வெள்ளிநிறப் பின்னல். முதல் வாரமே போய்ப் பார். கறுப்பின மக்களின் துயரத்தைத் தெரிந்துகொள்ளாமல் நம் ஆட்களின் கதை மட்டும் பேசினால், அது பாதிக் கதைதான்.

அப்புறம் கப்பெஸ்தேர் என்ற ஊர்ப் பக்கம் ஷான்ழி கோயில். மாரியம்மனை இங்கே 'மாலியேமேன்' என்பார்கள், மதுரை வீரன் பெயரும் இங்கே திரிந்துவிட்டது. பூசையில் கொடிமரம் நட்டுக் கொடி ஏற்றினால், "யாருக்கு?" என்று கேள். "நாகூர் மீரா" என்பார்கள். நம் நாகூர் ஆண்டவர்தான், கடல் தாண்டி வந்தவர்களுக்குத் துணையாக வந்தவர். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பிறகு ஒருநாள் தானே வந்தார், வீட்டில் அரைத்த 'கொலொம்போ' பொடியோடு. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு. மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டுக் குழம்பு வாசனை. பிப்ரவரியில் கரும்பு வெட்டு தொடங்கும், அதற்குள் வந்துவிடு. உன்னை அவரிடம்தான் முதலில் கூட்டிப் போவேன்.