84 வயதில் ஆபரேஷன் தாங்குமா?

வீட்டுப் பெரியவர்கள் விழுந்து இடுப்பு உடைவது (அதாவது தொடை எலும்பின் மேல்முனை முறிவது) பற்றி வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். நான் எலும்பு முறிவு மருத்துவன். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் தனி ஆளுக்கு வைத்தியம் சொல்ல முடியாது. பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

காசிமேடு: அம்மாவுக்கு 84 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் தாங்குவாரா டாக்டர்?

பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: ஆபரேஷன் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தால் தாங்குவாரா? நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவது என்று வரிசையாக வரும். பெரியவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் இவைதான். அவரை எழுப்பி உட்கார வைக்கத்தான் ஆபரேஷனே.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த முறிவு வந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன, ஆபரேஷன் செய்தவர்களையும் சேர்த்து. ஆனால் வயதை மட்டும் காரணம் காட்டி யாரும் மறுக்கக் கூடாது. பல பேருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே முடித்துவிடுகிறோம்.

கொருக்குப்பேட்டை: ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விழுந்தவரை எப்படி இறக்குவது?

முதலில் காலைப் பாருங்கள். உடைந்த கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். நிற்கவைத்துப் பார்க்காதீர்கள். கைத்தாங்கலாகப் படியில் இறக்குவதும் வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துத் துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, 108-க்குச் சொல்லுங்கள். எந்த மாடி என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், ஆள் மட்டும் நிற்க முடியாமல் தவித்தால், சிடி அல்லது எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

வியாசர்பாடி: புத்தூர் கட்டு போட்டால் போதும் என்கிறார்களே?

போதாது. இடுப்பு மூட்டு அத்தனை சதைக்கு உள்ளே இருக்கிறது; வெளியே போடும் கட்டு அதைப் பிடித்து நிறுத்தாது. "எங்க தாத்தா கட்டு போட்டு நடந்தாரே" என்பார்கள். நடந்திருப்பார், சில வகை முறிவு தானாகவே ஒட்டும். கால் குட்டையாகி, கோணலாக ஒட்டும், அவ்வளவுதான்.

பெரம்பூர்: மாமியாருக்குப் பந்து மாற்றினார்கள். பக்கத்து பெட் பாட்டிக்கு ராடு வைத்தார்கள். காசு பிடுங்கவா?

சந்தேகம் புரிகிறது. ஆனால் இதை முடிவு செய்வது உடைந்த இடம். தொடை எலும்பின் உச்சியில் பந்து, அதற்குக் கீழே கழுத்து, அதற்கும் கீழே தடித்த பகுதி. பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்கள் மிகச் சன்னமானவை, கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவை கிழிந்துபோகும். ஸ்க்ரூ போட்டு நிறுத்தினாலும் எலும்பு ஒட்டாமல் போகலாம், பந்து செத்துப்போகலாம். பிறகு இன்னொரு ஆபரேஷன். வயதானவரை இரண்டு முறை மேஜையில் படுக்கவைப்பதற்குப் பதில் முதலிலேயே பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கிறோம். நேற்றுவரை தனியாக மார்க்கெட் போய் வந்தவர் என்றால் பந்து உட்காரும் இடுப்பெலும்புக் கிண்ணத்தையும் சேர்த்து முழு மூட்டு மாற்றுவதுண்டு. முறிவு விலகவில்லை என்றால் ஸ்க்ரூவே போதும்.

கழுத்துக்குக் கீழே உடைந்தால் கதையே வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம், எலும்பு ஒட்டிவிடும். நேராக ஒட்டவும், ஒட்டும்வரை எழுந்து நடக்கவும்தான் பிளேட்டோ, எலும்புக்குள் செலுத்தும் ராடோ தேவை. பாட்டிக்கு நடந்தது அதுதான்.

திருவொற்றியூர்: அட்மிட் ஆகி நாலு நாள். காலில் வெயிட் கட்டித் தொங்கவிட்டு, எக்கோ என்ற இதய ஸ்கேனுக்காகக் காத்திருக்கிறோம்.

பொதுவாக 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. 17 நாடுகளில் ஏறக்குறைய 3,000 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. முறிவு உறுதியாகி ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்று இலக்கு வைத்தார்கள். இறப்பு குறையவில்லை, ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, சீக்கிரம் எழுந்து நின்றார்கள். சோடியம் குறைவு, ரத்தசோகை, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயச் செயலிழப்பு இருந்தால் சரிசெய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும், நியாயம்தான். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதற்காக மட்டும் தள்ளிப்போடத் தேவையில்லை. "எதற்காக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், அது எப்போது சரியாகும்?" என்று தயங்காமல் கேளுங்கள். வெயிட் கட்டுவதால் பெரிய பலன் கிடையாது.

ராயபுரம்: செலவுக்கு வழியில்லை.

பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கிறதே. சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சும் இருக்கிறது. தனியார் என்றால் முதல்வர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள்.

எண்ணூர்: ஆபரேஷன் முடிந்த ராத்திரியிலிருந்து அப்பா உளறுகிறார், டியூபைப் பிடுங்குகிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?

இல்லை. பலருக்கு வருவது, பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுங்கள், பழகிய முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, தொற்று எதுவும் காரணமாகலாம். அதனால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை: எப்போது நடக்கலாம்? வீட்டில் இந்தியன் டாய்லெட்தான்.

பெரும்பாலானோரை மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைக்கிறோம். "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று படுக்க வைப்பதுதான் கெடுதல். பந்து மாற்றியவர்கள் குந்தக் கூடாது, சம்மணமிடக் கூடாது, தாழ்ந்த முக்காலியில் உட்காரக் கூடாது. எத்தனை வாரம் என்பதை ஆபரேஷன் செய்தவர் சொல்வார். அதுவரை கமோட் சேர். பிசியோவுக்கு ஆட்டோ வைத்துப் போக முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டுக்கே வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கொளத்தூர்: இன்னொரு காலும் உடையாமல் இருக்க?

நின்ற இடத்தில் விழுந்தே இடுப்பு உடைந்தால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ராடு வைத்தோம், முடிந்தது என்று நிறைய பேர் போய்விடுகிறார்கள். கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதாது. வருடத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்து இருக்கிறது, அதற்கு முன் கிட்னி டெஸ்ட் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எலும்புத் தேய்வுக்கு எதுவும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தையல் பிரிக்கப் போகும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.