பூமி உள்ளே காலியா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் பெரியப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படிப்பார். எனக்கு நூலகத்தைப் பழக்கியதே அவர்தான். ஒரு வருடமாக யூடியூபில் பார்த்துவிட்டு, பூமி உள்ளே காலியாக இருக்கிறது, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், இரண்டு துருவங்களிலும் வாசல் இருக்கிறது என்று முழுதாக நம்புகிறார். வட துருவத்தில் கறுப்பாக ஒரு பெரிய ஓட்டை தெரியும் செயற்கைக்கோள் படத்தைக் காட்டுகிறார். அட்மிரல் பேர்ட் என்ற அமெரிக்கர் விமானத்தில் உள்ளே போய்வந்து டைரி எழுதியிருக்கிறாராம். "நம்ம புராணத்துல சொன்ன பாதாள லோகம்தான் இது. வெள்ளைக்காரன் அகர்த்தான்னு சொல்றான்" என்கிறார். போன தீபாவளிக்கு இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. இதில் கொஞ்சமாவது உண்மை இருக்க வாய்ப்பு உண்டா? அவரிடம் எப்படிப் பேசுவது?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

வாய்ப்பில்லை. பூமி உள்ளே காலியாக இல்லை. ஆனால் பெரியப்பாவிடம் பேசப் போவதற்கு முன் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த எண்ணம் யாரோ ஒரு கிறுக்கர் கிளப்பிவிட்ட புரளியாகத் தொடங்கவில்லை. இதை அறிவியலாக முதலில் முன்வைத்தவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரத்தின் ஹாலிதான்.

அவரைத் தொந்தரவு செய்தது திசைகாட்டி முள். லண்டனில் 1580இல் அந்த முள் உண்மையான வடக்கிலிருந்து 11 பாகை கிழக்கே விலகி நின்றது. 1692இல் 6 பாகை மேற்கே போய்விட்டது. கப்பல்களின் உயிர் அந்த முள்ளை நம்பி இருந்த காலம் அது. பூமி கெட்டியான ஒரே காந்தம் என்றால் அதன் முனைகள் எப்படி நகரும்? உள்ளே தனியாகச் சுழலும் இன்னொரு கோளம் இருந்தால் நகரலாம் என்று ஹாலி யோசித்தார். சுமார் 800 கிலோமீட்டர் தடிமனுள்ள வெளி ஓடு, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்கள், நடுவே வெற்றிடம். நியூட்டன் தன் 'பிரின்சிபியா' நூலின் முதல் பதிப்பில், நிலவின் அடர்த்தி பூமியின் அடர்த்தியைவிட அதிகம் என்று தவறாகக் கணக்கிட்டிருந்தார். அதை நம்பி, பூமியில் ஒன்பதில் நான்கு பங்கு காலி என்று ஹாலி முடிவுக்கு வந்தார். கடவுள் இவ்வளவு பெரிய இடத்தை வீணாக விட்டிருக்க மாட்டார், உள்ளே வெளிச்சமும் உயிர்களும் இருக்கலாம் என்றும் எழுதினார். 80 வயதில் தன்னை ஓவியமாக வரையச் சொன்னபோது, அவர் கையில் பிடித்திருந்தது இந்தக் கோளங்களின் வரைபடத்தைத்தான்.

எனக்கு ஹாலியின் மேல் பெரிய மரியாதை உண்டு. பதில்தான் தவறே தவிர, கேள்வி மிகச் சரியானது. அதோடு, பதிலைச் சோதித்துப் பார்க்க முடிகிற விதத்தில் அவர் முன்வைத்தார். அதனால்தான் அதைத் தோற்கடிக்கவும் முடிந்தது. 1774இல் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதை எவ்வளவு தன் பக்கம் இழுக்கிறது என்று நெவில் மாஸ்கெலின் அளந்தார். அந்த அளவுகளை வைத்து சார்லஸ் ஹட்டன் பூமியின் சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டார். தண்ணீரைப் போல நாலரை மடங்கு வந்தது. 1798இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் இன்னும் துல்லியமாக அளந்தார். கிட்டத்தட்ட ஐந்தரை மடங்கு. இன்றைக்கும் அதே எண்தான். நாம் நிற்கும் பாறையோ தண்ணீரைப் போலச் சுமார் இரண்டே முக்கால் மடங்குதான். உள்ளே காலியாக இருந்தால் சராசரி இதைவிடக் குறைய வேண்டும். இரட்டிப்பாகிறது என்றால் உள்ளே இருப்பது பாறையைவிடக் கனமான ஏதோ ஒன்று.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1818இல் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் என்ற முன்னாள் ராணுவ கேப்டன் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சுற்றறிக்கை அச்சடித்து உலகத்துக்கே அனுப்பினார். பூமி உள்ளே காலி, துருவங்களில் திறந்திருக்கிறது, நூறு வீரர்கள் வந்தால் சைபீரியாவிலிருந்து கலைமான் வண்டிகளில் உள்ளே அழைத்துப்போகிறேன் என்றார். அவருடைய கோரிக்கை அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. துருவ வாசல் என்ற எண்ணம் பரவியது அவரிடமிருந்துதான்.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகத் தோன்றுவது 1897. சைரஸ் டீட் என்ற நியூயார்க் மாநில மருத்துவர் அதற்கு முன்பே ஒரு படி மேலே போயிருந்தார். உள்ளே யாரோ வாழவில்லை, நாம்தான் உள்ளே வாழ்கிறோம், வானம் முழுவதும் பூமியின் வயிற்றுக்குள் இருக்கிறது என்றார். அவரைப் பின்பற்றியவர்கள் புளோரிடாவில் எஸ்டெரோ என்ற இடத்தில் ஒரு குடியிருப்பே அமைத்தார்கள். அச்சகம், பேக்கரி, கலையரங்கம் எல்லாம் இருந்தன. எல்லையே தெரியாத வானத்துக்குக் கீழே வாழ்வதைவிட, சுற்றிலும் மூடிய, முழுதாக அறிந்துகொள்ளக்கூடிய ஓர் உலகம் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இந்த ஏக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அவர்கள் வெறுமனே நம்பிக்கொண்டிருக்கவில்லை, அளந்தார்கள். 1897இன் தொடக்க மாதங்களில் புளோரிடாவின் நேப்பிள்ஸ் கடற்கரையில், முனைகளில் பித்தளை பதித்த 12 அடி மரச் சட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் வைத்து, மணலுக்கு மேலே நேர்க்கோடு ஒன்றை நீட்டிக்கொண்டே போனார்கள். பூமி வெளிப்பக்கம் வளைந்திருந்தால் போகப்போகக் கடல் கோட்டை விட்டுக் கீழே இறங்க வேண்டும். உட்பக்கம் வளைந்திருந்தால் மேலேறி வந்து கோட்டைத் தொட வேண்டும். 128 அங்குல உயரத்தில் தொடங்கிய கோடு, ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் தண்ணீரைத் தொட்டது. எதிர்பார்த்த அதே இடம்.

பொய் சொன்னார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. வழியெல்லாம் நூற்றுக்கணக்கான இணைப்புகள். ஒவ்வொன்றிலும் தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்கு அளவுக்கு ஒரே பக்கமாகச் சாய்வு இருந்தால் போதும், கடைசியில் இருபது அடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். என்ன விடை வர வேண்டும் என்று மனதார அறிந்தவர்களின் கைகள்தான் அந்தச் சட்டங்களைப் பொருத்தின.

அது முடிந்த சில வாரங்களில், ஜூன் 12ஆம் தேதி, அஸ்ஸாமில் மிகப் பெரிய நிலநடுக்கம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டம் அதை ஆராய்ந்தார். ஐரோப்பாவின் கருவிகளில் பதிவான அதன் அதிர்வுகளில் வெவ்வேறு வேகத்தில் வரும் அலைகளை அடையாளம் கண்டார். கடைக்காரர் தேங்காயைத் தட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்வாரே, அதேபோல ஒவ்வொரு நிலநடுக்கமும் பூமியைத் தட்டுகிறது. 1906இல் ஓல்டம் பூமிக்கு ஒரு தனி மையக்கரு இருக்கிறது என்று காட்டினார். 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதைக் கண்டுபிடித்தார். வெளிக்கரு உருகிய இரும்பு. உட்கரு திட இரும்பு, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஆரம். பூமியின் நடுவே நேராகப் போகும் அலை இருபது நிமிடத்தில் மறுபக்கம் வந்துவிடுகிறது. நடுவில் வெற்றிடம் இருந்தால் அப்படி வரவே முடியாது.

இதில் எனக்கு உண்மையாகவே சிலிர்ப்பு தருவது ஒன்று உண்டு. திசைகாட்டி முள் நகர்வதற்குக் காரணம் அந்த உருகிய இரும்பின் ஓட்டம்தான். உள்ளே ஏதோ தனியாக அசைகிறது என்று ஹாலி சொன்னது அந்த அளவுக்குச் சரி.

சரி, பெரியப்பாவின் ஆதாரங்களுக்கு வருகிறேன். அந்தக் கறுப்பு ஓட்டைப் படம் 1968 நவம்பரில் எடுத்தது. ஒரு நாள் முழுக்க எடுத்த படங்களை ஒட்டிச் சேர்த்தது. நவம்பரில் வட துருவத்தில் சூரியன் உதிப்பதில்லை, அதனால் அந்த இடம் கறுப்பு. பேர்டின் டைரி என்று சுற்றுவது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. 1947 பிப்ரவரியில் அவர் வட துருவத்தின் மேல் பறந்ததாக அதில் இருக்கிறது. அந்த மாதம் அவர் இருந்தது அண்டார்டிகாவில். தென் துருவத்தில் 1956 முதல் ஆய்வுநிலையம் இருக்கிறது, மனிதர்கள் வருடம் முழுக்க அங்கேயே வாழ்கிறார்கள். வட துருவத்துக்கு நேர் கீழே 2007இல் ரஷ்யர்கள் சிறு நீர்மூழ்கிகளில் இறங்கி, 4,261 மீட்டர் ஆழத்தில் கடலடித் தரையைத் தொட்டு, மண் எடுத்து வந்தார்கள்.

பாதாளத்தைப் பற்றி. அதலம் முதல் பாதாளம் வரை ஏழு உலகங்களும் புராணங்களில் இருக்கின்றன. பாதாளம் இந்திரனின் சொர்க்கத்தைவிட அழகானது, அங்கே நாகங்களின் மணிகள் ஒளி தருகின்றன என்று நாரதர் சொல்வதாக விஷ்ணு புராணத்தில் வரும் பகுதி அருமையான கவிதை. அதைக் கவிதையாகவும் பக்தியாகவும் படிக்கலாம். அகர்த்தா வேறு கதை. 19ஆம் நூற்றாண்டில், வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்தன்நகரில் நீதிபதியாக இருந்த பிரெஞ்சுக்காரர் லூயி ஜாக்கோலியோவும், அவருக்குப் பின் வந்த ஐரோப்பிய மறைஞான எழுத்தாளர்களும் பரப்பிய கற்பனை அது. அதை நம் முன்னோர் தலையில் கட்டுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரியப்பாவிடம் முதலில் தீபாவளிக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ஹாலியைச் சொல்லுங்கள். அவர் நம்புவதை ஒரு பெரிய அறிஞர் யோசித்திருக்கிறார் என்பது அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளே இருப்பவர்கள் எதன் மேல் நிற்கிறார்கள்? காலியான கோளத்தின் உள்ளே இருப்பவரை அந்த ஓடு எந்தப் பக்கமும் இழுக்காது என்று நியூட்டன் 1687இலேயே நிரூபித்துவிட்டார். பூமி சுழல்வதால் வெளிப்பக்கம் தள்ளும் விசை, அது அதிகமாக இருக்கும் நிலநடுக்கோட்டிலேயே, எடையில் முந்நூறில் ஒரு பங்குதான். நடுவில் ஒரு குட்டிச் சூரியன் இருக்கிறது என்றால் அவர்கள் அதை நோக்கித்தான் விழுவார்கள். படிக்கிற மனிதர் என்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பதில் சொல்லி அடக்காமல் அவரிடமே விட்டுவிடுங்கள், அவரே பேப்பரும் பேனாவும் எடுப்பார்.

இன்னொன்றும் செய்யலாம். ஓசூரிலிருந்து கோலார் தங்கவயல் அதிக தூரமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001இல் மூடும்வரை அதில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஆட்கள். அவ்வளவு ஆழத்தில் பாறையின் சூடு தாங்க முடியாமல், மேலே குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை நடந்தது. ஆராய்ச்சிக்காக ரஷ்யாவில் போட்ட கோலா ஆழ்துளை 12 கிலோமீட்டர் போனபோது 180 டிகிரி வெப்பம் வந்து, அதற்கு மேல் துளைக்க முடியவில்லை. மையம் இருப்பது 6,371 கிலோமீட்டர் கீழே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைக் கோலாருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கீழே என்ன இருந்தது என்று அவர்களிடம் அவரே கேட்கட்டும்.

அன்புடன்