ரெஸ்ட்டை விட்டுவிட்டு கிராஃப்கியூஎல்லுக்கு மாறலாமா?

ஆப்போ வெப்சைட்டோ சர்வரிடம் டேட்டா கேட்கும் வழிதான் ஏபிஐ. அதை அமைக்கும் இரண்டு பாணிகள் ரெஸ்ட்டும் கிராஃப்கியூஎல்லும். புது ப்ராஜெக்ட்டுக்கு இதில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஏபிஐயை யார் யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீங்களே எழுதும் ஒரு வெப்சைட் மட்டும்தான் என்றால் ரெஸ்ட்டிலேயே இருங்கள். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வெப் என்று ஆளுக்கொரு விதமாக டேட்டா கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றால் கிராஃப்கியூஎல்லை யோசிக்கலாம்.

கிராஃப்கியூஎல் பிறந்ததே அந்த நெருக்கடியில்தான். 2012-இல் ஃபேஸ்புக் தன் மொபைல் ஆப்பின் நியூஸ் ஃபீடுக்காக உருவாக்கிக்கொண்டது. 2015-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு பதிவு, எழுதியவர் பெயர், கடைசி 3 கமெண்ட் வேண்டும் என்று வையுங்கள். ரெஸ்ட்டில் மூன்று எண்ட்பாயின்ட்டை, அதாவது டேட்டா தரும் மூன்று முகவரிகளைத் தட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த ஸ்க்ரீனுக்கென்றே புதிதாக ஒன்று எழுத வேண்டும். பெயர் மட்டும் போதும் என்றாலும் யூசரின் முழு ஜாதகமும் வந்து விழும். கிராஃப்கியூஎல்லில் ஒரே முகவரிக்கு ஒரே குவெரி (கேள்வி). கேட்ட ஃபீல்டு மட்டும், கேட்ட வடிவிலேயே வரும். கூடவே எந்த ஃபீல்டு என்ன டைப் என்று எழுதிவைக்கும் ஸ்கீமா இருப்பதால், ‘இந்த ஃபீல்டு நம்பரா ஸ்ட்ரிங்கா’ என்ற சண்டையும் குறையும்.

சரி, சிக்கலுக்கு வருவோம். ஃப்ரன்ட்எண்டில் குறையும் வேலை மாயமாக மறைவதில்லை, சர்வர் தலையில் ஏறிக்கொள்கிறது. 50 பதிவுகளையும் ஒவ்வொன்றின் ஆசிரியரையும் கேட்டால், பட்டியலுக்கு ஒரு டேட்டாபேஸ் குவெரி போகும். அப்புறம் ஆசிரியரை எடுத்துத் தரும் ஃபங்ஷன், அதாவது ரிசால்வர், பதிவுக்கு ஒரு தடவை ஓடும். மொத்தம் 51. லோக்கலில் ஐந்தாறு பதிவுகளை வைத்து டெஸ்ட் செய்யும்போது இது கண்ணிலேயே படாது. டேட்டாலோடர் மாதிரி ஒரு லைப்ரரி அந்த ஐடிகளையெல்லாம் சேர்த்து ஒரே குவெரியாக அனுப்பும். அப்போது இரண்டோடு முடிந்துவிடும். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எரர் விஷயமும் எரிச்சல்தான். ரிசால்வர் ஒன்று சொதப்பினாலும் பெரும்பாலும் 200 (எல்லாம் சரி) என்றே ஸ்டேட்டஸ் வரும். தகராறு பதிலுக்குள் எரர்ஸ் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். 500 (சர்வர் கோளாறு) எத்தனை என்று எண்ணும் மானிட்டரிங் டாஷ்போர்டு பச்சையாகவே சிரிக்கும். எல்லாம் ஒரே முகவரிக்கு போஸ்ட் ரிக்வெஸ்ட்டாகப் போவதால், பதிலைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் வழக்கமான சிடிஎன் கேஷும் அப்படியே உதவாது. குவெரியை சர்வரில் பதிந்துவைத்து அதன் ஐடியால் கூப்பிடும் பெர்சிஸ்டட் குவெரி என்று தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

வெளியாட்களுக்குத் திறப்பதாக இருந்தால் இன்னொன்று: ஆசிரியர், அவர் பதிவுகள், அதன் ஆசிரியர் என்று ஒருவர் சுற்றிச் சுற்றி ஆழமாகக் கேட்டே சர்வரைச் சாய்த்துவிடலாம். ஆழத்துக்கு வரம்பு போடுங்கள். கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் இதனால்தான் அழைப்புகளை எண்ணாமல் குவெரியின் கனத்துக்கேற்பப் புள்ளிகளைக் கழிக்கிறது. சாதாரண பயனருக்கு மணிக்கு 5,000 புள்ளி. அவர்களே ரெஸ்ட் ஏபிஐயையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

தேவைக்கு மேல் டேட்டா வருகிறது என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், இருக்கும் எண்ட்பாயின்ட்டில் எந்தெந்த ஃபீல்டு வேண்டும் என்று சொல்ல ஒரு பாராமீட்டர் சேருங்கள். ஒரு மதிய வேலை.