ஸ்டியரிங்குக்குக் கையால் லெதர் தைப்பது: கேட்டதும் சொன்னதும்

மார்த்தாண்டம் பக்கம் சீட் கவர் தைப்பதுதான் என் தொழில். ஸ்டியரிங்குக்குக் கையால் லெதர் தைப்பது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

நாகர்கோவிலில் இருந்து: அண்ணாச்சி, மாட்டுகிற கவர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே. எதற்கு உட்கார்ந்து தைக்க வேண்டும்?

மாட்டுகிற கவரை உள்ளே இருக்கும் ரப்பர் வளையம்தான் பிடித்து வைத்திருக்கும். வெயிலில் நிறுத்தி நிறுத்தி அந்த ரப்பர் தளர்ந்துவிட்டால் கவர் சுழலும். கையால் தைத்த கவரும் சுழலும், அளவு தப்பினால். அதற்கு நானே சாட்சி. தொழில் பழகின புதிதில் ஒரு காருக்கு ரிம்மின், அதாவது ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற வளையத்தின், அளவையே சரியாக எடுத்து, அதே அளவில் தோலை வெட்டித் தைத்தேன். பார்க்கக் கொள்ளாம், நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் வந்தார். களியக்காவிளை பக்கம் ஒரு வளைவில் அவர் கை திரும்பியதாம், ஸ்டியரிங் திரும்பவில்லையாம். நல்ல வேளை, எதிரே வண்டி இல்லை. அன்றிலிருந்து ரிம்மைவிடச் சிறிதாகத்தான் வெட்டுகிறேன்.

தக்கலையில் இருந்து: அப்படியென்றால் எவ்வளவு சிறிது? கணக்கோடு சொல்லுங்கள்.

தையல் டேப்பை எடுங்கள். ரிம்மின் வெளிச்சுற்று ஒரு அளவு, கை பிடிக்கிற இடத்தின் தடிமனைச் சுற்றி இன்னொரு அளவு. குறுக்கே 37 செ.மீ. உள்ள ஸ்டியரிங்கில் வெளிச்சுற்று 116 செ.மீ. வரும். பிடியின் சுற்று 9.5 என்றால் உள்சுற்று 97 செ.மீ.தான். தோலின் நடுப்பகுதி வெளியே 116 செ.மீ. ஓட வேண்டும், இரண்டு ஓரமும் உள்ளே 97 செ.மீ.யில் அடங்க வேண்டும். இந்த 19 செ.மீ. வித்தியாசம்தான் தோலில் சுருக்கம் விழுந்து நிற்கும்.

அதனால் நீளம் 105 முதல் 108 வரை வெட்டுவேன். அகலம் 9 போதும். மாட்டினதும் இரண்டு ஓரமும் ஒட்டக் கூடாது, நடுவில் நாலைந்து மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். நூல் இழுக்கும்போது அது மூடும். அந்த இழுப்புதான் தோலை ரிம்மோடு பிடித்து வைக்கும். பிடியின் சுற்றை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். கட்டைவிரல் வைக்கிற இடத்தில் பல கார்களில் மேடு இருக்கும். அங்கே தனியாக அளந்து, தோலையும் அந்த இடத்தில் கொஞ்சம் அகலமாக விட வேண்டும்.

தோலின் தடிமன் 1 முதல் 1.2 மி.மீ. இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் இழுபடாது. செருப்புத் தோல் கிடைக்கிறதே என்று அதை வாங்கி வராதீர்கள்.

அருமனையில் இருந்து: ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் என்றால் டிரைவர் பக்கம் ஏர்பேக் கட்டாயம் இருக்கும். பழைய வண்டிகளிலும் பலவற்றில் உண்டு. நடுவில் இருக்கும் அந்த மூடியைத் தொடவும் வேண்டாம், தோலால் மூடவும் வேண்டாம். வண்டியிலேயே உட்கார்ந்து, முழங்காலுக்கு ஒரு துண்டு விரித்துக்கொண்டு தைக்கலாம்.

குளச்சலில் இருந்து: வீட்டில் வலை கட்டுகிற தங்கூசி நிறைய இருக்கிறது. அதில் தைக்கலாமா?

வேண்டாம் மக்கா. தங்கூசி ஒற்றை நரம்பு. வழுக்கும், முடிச்சு நிற்காது, இழுக்கிற இழுப்பில் தோலின் ஓரத்தைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். 0.8 மி.மீ. தடிமனில் மெழுகு ஏற்றின பாலியஸ்டர் நூலோ நைலான் நூலோ வாங்குங்கள். மெழுகு இல்லாத நூல்தான் கிடைத்தது என்றால், நம்ம மார்த்தாண்டத்தில் தேனுக்கா பஞ்சம்? தேன் எடுப்பவர்களிடம் ஒரு துண்டு மெழுகு கேளுங்கள். நூலை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு தடவை இழுத்தால் போதும். தையலுக்கு நடுவே கையை எடுத்தாலும் நூல் பின்னோக்கி நழுவாது.

குழித்துறையில் இருந்து: அண்ணே, தைப்பதை ஒன்று ஒன்றாகச் சொல்லுங்கள். யாரைக் கேட்டாலும் 'அப்படியே தைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்' என்கிறார்கள்.

சரி. வெட்டின தோலின் இரண்டு ஓரத்திலும் 3 மி.மீ. உள்ளே தள்ளி மிஷினில் ஒரு நீளத் தையல் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் தையல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். பத்துத் தையல் கூடிப்போனாலே கவர் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் இரண்டு முனையையும் சீவி மெலிதாக்கிச் சேர்த்து வளையமாக்குங்கள். வளையத்தைப் பத்து நிமிடம் வெயிலில் போட்டு, சூடு ஆறுவதற்குள் மேலே மாட்டிக் கீழ்நோக்கி இழுங்கள், சைக்கிள் டயர் மாட்டுகிற மாதிரி. இணைப்பு கீழ் ஸ்போக்குக்கு (நடுவில் இருந்து ரிம்முக்கு வருகிற கைக்கு) நேரே வரட்டும்.

கைத்தையலில் ஊசி தோலைக் குத்தக் கூடாது. ஓரத்தில் ஓட்டின மிஷின் தையலுக்கு அடியில்தான் நுழைய வேண்டும். தோலை ஓட்டை போட்டு இழுத்தால் அந்த ஓட்டை கிழியும். அதனால் மழுங்கின ஊசி இரண்டு எடுங்கள், நூலின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று. இடது ஊசி வலப்பக்கத் தையலுக்கு அடியில், வலது ஊசி இடப்பக்கத் தையலுக்கு அடியில். கிரிக்கெட் பந்து மாதிரி நேராக இருக்காது, ஷூவுக்குக் கயிறு கட்டின மாதிரி குறுக்காக விழும். எந்த நூல் மேலே வருகிறது என்பதை முதல் தையலில் முடிவு செய்துவிட்டு, கடைசி வரை மாற்றாதீர்கள்.

நாலு தையலுக்கு ஒரு தடவை நிறுத்தி இறுக்குங்கள். நூலை மேலே பிடித்து இழுத்தால் அறும், ரிம்மை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஒரே நூலில் முழுச் சுற்றும் தைக்க ஆசைப்படாதீர்கள், சிக்கிக்கொண்டு கண்ணீர் வரும். ஸ்போக்குக்கு ஸ்போக் தனி நூல், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர்.

மணவாளக்குறிச்சியில் இருந்து: ஸ்போக் வருகிற இடத்தில் எதிர் ஓரம் இல்லையே?

அங்கே தைக்க முடியாது. தோலின் ஓரத்துக்குக் கொஞ்சம் பசை தொட்டு, ஸ்போக்குக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் கரண்டிக் காம்பால் தள்ளிவிடுங்கள். பசை தோல் முழுக்க வேண்டாம், இந்த இடத்தில் மட்டும்.

திங்கள்நகரில் இருந்து: தோல் நிஜமா ரெக்சினா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கார் தோலுக்கு மேலே பெயின்ட் பூச்சு இருக்கும், நிஜத் தோலிலும் தண்ணீர் இறங்காது. திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் துணி நெய்தது தெரிந்தால் ரெக்சின். நார் நாராகப் பிசிறு தெரிந்தால் தோல். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் என்று சொல்லி ரெக்சினை விற்பவர்களும் உண்டு, ஊர்ப் பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.

குலசேகரத்தில் இருந்து: எங்கள் ரப்பர் தோட்டத்து ஜீப்பில் ரிம் மெலிதாக இருக்கிறது. கையில் எப்போதும் ரப்பர் பாலும் ஒட்டியிருக்கும். தாங்குமா?

மெலிதான ரிம்முக்கு முதலில் 2 மி.மீ. ஃபோம் சுற்றிவிட்டு, அதற்கு மேல் அளவெடுங்கள். முந்தின அளவு செல்லாது. ரப்பர் பால் காய்ந்தால் விரலால் உருட்டி எடுங்கள், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் தோலின் நிறமும் சேர்ந்து வந்துவிடும். உண்மையைச் சொன்னால், வேலைக்கு ஓடுகிற ஜீப்புக்கு நான் ரெக்சின்தான் தைப்பேன்.

ஆரல்வாய்மொழியில் இருந்து: தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மின்னும் என்று அம்மா சொல்கிறார்கள்.

மின்னும். கையும் வழுக்கும், நூல் கறுக்கும், நாள்பட்டால் காறல் வாசனை வரும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பூட்டிவைத்த காரில் தோல்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, கதவைத் திறந்துவைத்து நிழலில் காயவிட்டாலே போதும்.

நித்திரவிளையில் இருந்து: இரண்டு ஸ்போக் வரை தைத்துவிட்டேன். சுண்டுவிரல் மடிப்பில் நூல் வெட்டி ரத்தம். மிச்சத் தோலும் ஒரு முழம் கிடக்கிறது, அதை என்ன செய்ய?

பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு அங்குலம் வெட்டி விரலில் மாட்டிக்கொள்ளுங்கள். மிச்சத் தோலை கியர் குமிழுக்குத் தைக்கலாம். அரைமணி நேர வேலை, கை பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. உண்மையில் அதில் தைத்துப் பழகிவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் கை வைத்திருக்க வேண்டும். இதைக் கடைசியில் வந்து கேட்கிறீர்களே மக்கா.