மன்னித்துவிட்டேன், காசைக் கேட்கலாமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன்.

“எட்டு வருஷமாகச் சீட்டுப் பிடிக்கிறேன். சபை ஆட்களும் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களும் சேருவார்கள். போன சீட்டில் 20 பேர், மாதம் 10,000 ரூபா. பெண்கள் ஐக்கியத்தில் என்னோடு இருக்கும் ஒருவர் அவசரம் என்று கேட்டு மூன்றாம் சீட்டை எடுத்தார். எட்டாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டார். மிச்சம் 12 மாதத்துக்கும் நான்தான் கைக்காசைப் போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்தேன். வீட்டில் இவர் பொலிஸுக்குப் போகச் சொல்கிறார். போதகரோ, ‘விசுவாசிகள் வழக்காடக் கூடாது, கர்த்தரிடம் விட்டுவிடுங்கள்’ என்கிறார். மன்னித்துவிட்டேன் என்று ஜெபத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் திருவிருந்துக்கு அவர் எனக்கு முன்னால் போய் முழங்காலிடும்போது உள்ளே எரிகிறது. மன்னித்த பிறகு காசைக் கேட்டால் பாவமா?”

பாவம் இல்லை. கேளுங்கள். எப்படிக் கேட்பது, எதுவரை கேட்பது என்பதில்தான் வேதத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கு. கட்டாமல் நிறுத்தியவர் எடுத்தது இரண்டு இலட்சம், கட்டியது எண்பதாயிரம், மீதி ஒரு இலட்சத்து இருபதாயிரம். சீட்டில் முன்னால் எடுக்கிறவர் கடன்காரர், கடைசியில் எடுக்கிறவர் கடன் கொடுத்தவர், நடுவில் பிடிக்கிறவர் எல்லோருக்கும் பிணை. பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை, கணக்கு எழுதும் ஒரு சீ.ஆர். கொப்பியும் அதில் பேருக்கு நேரே போட்ட சரி அடையாளங்களும்தான். நீங்கள் மற்ற பத்தொன்பது பேருக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். 15ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனைப் பற்றிச் சொல்லும்போது, “ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்” என்கிறது. இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இனி அந்த ஒன்று இருபது முழுக்க உங்கள் காசு. கேட்பதும் விடுவதும் உங்கள் உரிமை.

இப்போது போதகர் காட்டிய இடத்துக்கு வருவோம். 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரம், 7ஆம் வசனம்: “ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?” நஷ்டப்பட்டவர் வாய் திறந்தால் அதை மூட நம் சபைகளில் எடுக்கும் வசனம் இது. அடுத்த வசனத்தை ஏனோ யாரும் வாசிப்பதில்லை: “நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே.” காசு கொடுக்க வேண்டியவரையும், கொரிந்து சபைக்கு இந்த நிருபத்தை எழுதிய பவுல் அதே மூச்சில் பிடிக்கிறார். நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வது பட்டவர் தானாக எடுக்கும் முடிவு. கடன்பட்டவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. போதகரும் உங்கள் சார்பில் அதைக் கொடுத்துவிட முடியாது. நானும் போதகன்தான். இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன், ஒரு குடும்பத்திடம். இரண்டு பக்கமும் சபையை விட்டுப் போய்விட்டார்கள்.

பவுலுக்கு நீதிமன்றமே ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். அப்போஸ்தலர் 25இல் அவரே இராயனுக்கு அபயமிட்டவர், அதாவது ரோமப் பேரரசனிடம் மேன்முறையீடு செய்தவர். கொரிந்துவில் அவருக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று: வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாவது உங்களுக்குள் இல்லையா என்று 5ஆம் வசனத்தில் கேட்கிறார். அதாவது வழக்கைக் கேட்கச் சபைக்குள் ஆள் இருக்க வேண்டும். ‘கர்த்தரிடம் விட்டுவிடுங்கள்’ என்று உங்களை அனுப்பிவிட்டால் அந்தக் கேள்வி சபையின் மேல் அப்படியே நிற்கிறது.

ஆகவே ஒழுங்காக மத்தேயு 18:15இலிருந்து தொடங்குங்கள். தனியாகப் போங்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். கடிதத்தில் அது இல்லை. தொலைபேசியில் கேட்டதையும், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டதையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன். “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்றுதான் இருக்கிறது. அந்த வசனத்தின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள்: அவன் செவிகொடுத்தால் “உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்.” ஆதாயம் என்பது கடைத்தெருச் சொல். கிரேக்கத்திலும் அப்படித்தான், தாலந்து உவமையில் ஐந்து தாலந்தைக் கொண்டு வேறு ஐந்து சம்பாதித்தான் என்கிற இடத்திலும் அதே வினைதான் வருகிறது. வரி வசூலிக்கும் ஆயக்காரனாக இருந்த மத்தேயுவின் பெயரால் வழங்கும் சுவிசேஷத்தில் இந்தச் சொல் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பை வரவழைக்கும். வரவில் எழுத வேண்டியது ஆளை.

எப்படிப் போவது என்பதற்கு உபாகமம் 24:10, 11 இருக்கிறது. பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். கடன் கொடுத்தவன் அடகு வாங்கக் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. “வெளியே நிற்பாயாக”, அவனே அதை வெளியே கொண்டுவந்து தரட்டும். கேட்க உரிமை உண்டு, வாசற்படியைத் தாண்ட உரிமை இல்லை. கடன்பட்டவனுக்கும் ஒரு வீடு, ஒரு முகம், பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மரியாதை உண்டு. இன்றைய கொழும்பில் அந்த வாசற்படி எது? பெண்கள் ஐக்கியத்தின் வட்ஸ்அப் குழு. அங்கே ‘சிலர் சபைக்கு வந்து அழுது ஜெபிக்கிறார்கள், வாங்கின காசு மட்டும் ஞாபகம் இல்லை’ என்று பேர் சொல்லாமல் ஒரு வரி போடுவது வீட்டுக்குள் நுழைந்து அலுமாரியைத் திறப்பதற்குச் சமம். ஜெபக் குறிப்பாகப் போட்டாலும் அதேதான். அவருடைய பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதும் வேண்டாம்.

கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் பாருங்கள். நான் என்றால் இப்படித் தொடங்குவேன்: “தங்கச்சி, சீட்டு விஷயமாத்தான் வந்தனான். மிச்சக் காசை நான் போட்டு முடிச்சிட்டன். உங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அதைச் சொல்லுங்கோ.” சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பேசாமல் இருக்கும் நேரம்தான் கடினம்.

ஏனென்றால் முடியாதவரா, மனமில்லாதவரா என்பது அப்போதுதான் தெரியும். 2022இல் சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற மாதங்களில் எத்தனையோ சீட்டுகள் உடைந்தன. கட்டாமல் விட்டவர்களில் ஏமாற்றுக்காரர் மிகச் சிலர். வேலை போயிருக்கலாம், புருஷன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவதை நிறுத்தியிருக்கலாம், வெட்கத்தில் முகம் காட்ட முடியாமல் இருக்கலாம். முடியாதவர் என்றால் லேவியராகமம் 25:35, 36 பேசும்: கை இளைத்துப்போன சகோதரனைத் தாங்கு, அவனிடம் வட்டி வாங்காதே. மனமில்லாதவர் என்றால் சங்கீதம் 37:21 பேசும்: “துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்.” இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

அப்படியானால் மன்னிப்பு? பரமண்டல ஜெபத்தை ஆராதனையில் சொல்லும்போது நாம் பெரும்பாலும் ‘குற்றங்கள்’ என்கிறோம். ஆனால் மத்தேயு 6:12ஐத் திறந்து பாருங்கள்: “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” சீட்டுப் பிடிக்கிற உங்களுக்கு இது குத்தாமல் இருக்காது. காசைக் கேட்டால் இந்த ஜெபத்தை முறித்ததாகுமா என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். மத்தேயு 18இன் பிற்பகுதியில் உள்ள கடன்கார ஊழியக்காரனின் உவமை இதைத் தெளிவாக்குகிறது. அவனுக்கு உடன் ஊழியக்காரன் ஒருவனிடமிருந்து வரவேண்டியிருந்தது நூறு வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி, ஆகவே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. சில்லறைக் காசு என்று தள்ள முடியாது. அவன் எதில் தவறினான்? தொண்டையை நெரித்தான். மற்றவன் கடனைத் தள்ளுபடி செய் என்றும் கேட்கவில்லை, “என்னிடத்தில் பொறுமையாயிரும்” என்று தவணைதான் கேட்டான். அதைக்கூட மறுத்துச் சிறையில் போட்டான். தனக்கு எண்ணிப் பார்க்க முடியாத கடன் தள்ளுபடியானதை வாசலைத் தாண்டியதும் மறந்தான்.

பிலேமோன் நிருபத்தில் இதன் மறுபக்கம். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிற பவுல், அவன் பட்ட கடனை மறந்துவிடு என்று எழுதவில்லை. “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்… நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்” என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். அன்பு கணக்கைக் கிழித்துப் போடவில்லை, யாரோ ஒருவர் கட்ட முன்வருகிறார். உள்ளே எரிவதை விடுவது ஒரு வேலை, கொப்பியில் மீதியை என்ன செய்வது என்பது இன்னொரு வேலை. முதலாவதைக் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டும். ஒரே தடவையில் முடியாது, ஒவ்வொரு திருவிருந்துக்கும் செய்ய வேண்டி வரலாம். இரண்டாவதை ஆறுதலாக யோசித்துத் தீர்மானிக்கலாம். முழுவதையும் விட்டுவிட மனம் வந்தால் விடுங்கள். ஆனால் அதை அவரிடம் வாயால் சொல்லி, கொப்பியில் கோடு கீறி விடுங்கள். சொல்லாமல் விட்டால் நீங்கள் விட்டதாக நினைப்பீர்கள், அவர் ஒளித்துக்கொண்டே திரிவார்.

தனியாகப் போயும் அவர் செவிகொடுக்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது மத்தேயு 18இன் 16ஆம் வசனம். அந்த இடத்துக்குப் போதகரைக் கூப்பிடாதீர்கள். எங்களில் பலருக்குச் சீட்டுக் கணக்கு விளங்காது. சபையில் சீட்டுப் பிடித்துப் பழகிய, இருவருக்கும் மரியாதையான ஒரு அன்ரி இருப்பார். பவுல் தேடிய விவேகி அவர்தான்.

பொலிஸ் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: கடனை அறவிட்டுத் தருவது பொலிஸின் வேலை இல்லை. சபைக்குள் முடியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இணக்க சபை என்றும் சொல்வோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. சிறிய பணப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். அங்கே தீர்ப்பு எழுதுவதில்லை. இரண்டு பக்கமும் இருந்து கதைத்து, ஒத்துக்கொண்டால் மட்டும் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். என் பார்வையில் இது பவுல் கண்டித்த வழக்காடலுக்குள் வராது. மற்றப் போதகர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஒன்று மட்டும்: எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு வழக்கு வைக்கச் சட்டம் தரும் காலம் பொதுவாக 3 வருஷம். மத்தியஸ்த சபைக்கும் மேலே நீதிமன்றத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அவர் தவணை கேட்டால் கொடுங்கள். மாதம் 3,000 என்றால் 40 மாதம், நீளம்தான், பரவாயில்லை. இருவரும் கையெழுத்து வைத்த ஒரு துண்டு ஆளுக்கொன்று இருக்கட்டும். தரும் ஒவ்வொரு தடவையும் அவர் கண் முன்னால் சரி அடையாளம் போடுங்கள்.

அடுத்த சீட்டில் அவரைச் சேர்ப்பதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அவர் கேட்பார். மன்னித்ததால் மறுபடி மூன்றாம் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை. கடைசிச் சீட்டைக் கொடுங்கள். இருபதாம் சீட்டுக்காரர் யாருக்கும் கடன்காரர் இல்லை. மாதா மாதம் மற்றவர்களுக்குக் கொடுத்து வருகிறவர். இரண்டு இலட்சமும் அவர் கைக்குப் போகும் அன்று கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே இருபது சரி அடையாளமும் இருக்கும்.