முத்திரை குத்தும் மனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஆபரேட்டர் வேலைக்கு வரும் நம் பையன்கள் யாராவது கையில் பச்சை குத்தியிருந்தால், 'இவன் கேங்கில் இருப்பானோ' என்றுதான் முதலில் தோன்றுகிறது. நானும் தமிழச்சிதான். 'அப்படி நினைக்கக் கூடாது' என்று மனத்தை அடக்கிக்கொண்டுதான் ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிடுகிறேன். மாலை நெருங்க நெருங்க அந்த எண்ணம் கூடுகிறதே தவிர குறையவில்லை. என் மனத்தில்தான் கோளாறா? – வாசகி, பினாங்கு

பதில்: கோளாறு மனத்தில் இல்லை, நீங்கள் அதை அடக்கும் முறையில்தான். அமெரிக்கச் சமூக உளவியலாளர் பட்ரிசியா டிவைன் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் அடிப்படையானது. கறுப்பினத்தவர் மீது வெறுப்புள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், கறுப்பினத்தவர் என்றாலே இப்படித்தான் என்று ஊர் குத்திவைத்த முத்திரைகள் ஒரே அளவில் தெரிந்திருந்தன. ஊரில் புழங்கும் பேச்சு எல்லார் காதிலும்தானே விழுகிறது. நிதானமாக யோசித்து எழுதச் சொன்னபோதுதான் இரு தரப்பும் வேறுபட்டது. ஆகவே, முதல் எண்ணம் எட்டிப் பார்ப்பதை வைத்து உங்களை நீங்களே குற்றவாளி ஆக்கிக்கொள்ள வேண்டாம். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதற்குத்தான் நீங்கள் பொறுப்பு.

'நினைக்கக் கூடாது' என்பது ஏன் பலிப்பதில்லை? நீல் மெக்ரேயும் கேலன் போடன்ஹாசன் உள்ளிட்டோரும் 1994இல் இதைச் சோதித்தார்கள். தலையை மழித்த, முரடர்கள் என்று பெயரெடுத்த 'ஸ்கின்ஹெட்' கூட்டத்து இளைஞன் ஒருவனின் படத்தைக் காட்டி, அவனுடைய ஒரு நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சிலரிடம் மட்டும் 'முத்திரை குத்தாமல் எழுதுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் முதல் படத்துக்கு அடக்கமாகவே எழுதினார்கள். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் இன்னொரு ஸ்கின்ஹெட்டைப் பற்றி எழுதியபோது, மற்றவர்களைவிட அதிகமாக முத்திரை குத்தினார்கள். இன்னொரு சோதனையில், படத்தில் இருந்தவன் வந்து உட்காரப்போகும் நாற்காலியிலிருந்து கூடுதலாகத் தள்ளி உட்கார்ந்ததும் இப்படி அடக்கி எழுதியவர்கள்தான். ஓர் எண்ணம் வரக் கூடாது என்று காவல் காக்கும் மனம், அது வந்துவிட்டதா என்று ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். தேடத் தேட அதுவே முன்னுக்கு வந்து நிற்கும்.

மாலைக்கும் விளக்கம் உண்டு. போடன்ஹாசன் 1990இல் செய்த ஆய்வில், காலையில் சுறுசுறுப்பாக இருப்பவர்கள் இரவிலும், இரவில் விழிப்பாக இருப்பவர்கள் காலையிலும் முத்திரைகளை அதிகம் நம்பித் தீர்ப்புச் சொன்னார்கள். உங்களுக்கு எந்த வேளை தெளிவான வேளை என்பது உங்களுக்கே தெரியும். நேர்முகத் தேர்வுகளை அந்த வேளைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

அதைவிட முக்கியமானது, அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைப்பது. உல்மன், கோஹன் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், போலீஸ் தலைமைப் பதவிக்குச் சிலரிடம் ஓர் ஆணையும், சிலரிடம் ஒரு பெண்ணையும் மதிப்பிடச் சொன்னார்கள். ஆணிடம் எந்தத் தகுதி இருந்ததோ, அதுவே இந்த வேலைக்கு முக்கியம் என்று மதிப்பிட்டவர்கள் அளவுகோலை வளைத்துக்கொண்டார்கள். யார் என்று பார்ப்பதற்கு முன்பே எது முக்கியம் என்று முடிவு செய்தவர்களிடம் அந்தப் பாரபட்சம் காணப்படவில்லை.

உங்கள் வேலைக்கு இதை இப்படிச் செய்யலாம். ஆபரேட்டருக்கு உண்மையில் தேவையான ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: ஷிஃப்ட்டுக்கு ஒத்துவருவது, வேலைக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது, நுண்ணிய உதிரிகளைக் கையாளும் கைநிதானம், தவறு நடந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்வது, முந்தைய வேலையில் வருகை ஒழுங்கு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. எப்படிப்பட்ட பதிலுக்கு 1, எதற்கு 3, எதற்கு 5 என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். எல்லாருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. பதில் முடிந்த கையோடு புள்ளி போடுங்கள். சாயங்காலம் மொத்தமாகப் போட்டால் நினைவில் நிற்பது முகம்தான், பதில் அல்ல. கூட இன்னொருவர் உட்கார்ந்தால், இருவரும் தனித்தனியே புள்ளி போட்ட பிறகே பேசிக்கொள்ளுங்கள்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: படிவத்தின் அடியில் 'பொது அபிப்பிராயம்' என்றொரு கட்டம் இருக்கும். அடக்கி வைத்த எண்ணமெல்லாம் அந்தக் கட்டத்தில் வந்து கொட்டும். அதை எடுத்துவிடுங்கள். பச்சை குத்தக் கூடாது என்பது தொழிற்சாலையின் விதியானால் அதை விளம்பரத்திலேயே போட்டு, எந்த இனத்தவர் வந்தாலும் ஒரே மாதிரி அமல்படுத்துங்கள். விதி இல்லையென்றால் பச்சைக்குப் படிவத்தில் இடமே இல்லை.

கேள்வி: மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும், இனிப்பாக ஏதாவது சாப்பிட்டால் திரும்ப ஏறும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், செந்தூல்

பதில்: இனிப்பை நம்ப வேண்டாம். ராய் பாமைஸ்டர் குழு 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது, மன உறுதி தீர்ந்துபோகும் என்ற கருத்து: சாக்லேட்டைத் தொடாமல் முள்ளங்கி சாப்பிட வைக்கப்பட்டவர்கள், அதன்பின் கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து இக்கருத்தை மறுபடி சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். தூக்கமின்மையும் களைப்பும் தீர்ப்பைக் கெடுக்கும் என்பது வேறு விஷயம். அதற்கு மருந்து ஓய்வு.

கேள்வி: மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வங்காளதேசத் தொழிலாளிகள் உள்ளே வந்தால் என் கடைப் பையன்கள் பின்னாலேயே நடக்கிறார்கள். சொன்னாலும் கேட்பதில்லை. எப்படித் திருத்துவது? – வாசகர், கோலாலம்பூர்

பதில்: 'பின்னால் நடக்காதே' என்பதை விட்டுவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்த முறை ஒன்று உண்டு: 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வது. ஸ்டூவர்ட், பெய்ன் இருவரும் 2008இல் இதை முத்திரைகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். திரையில் கறுப்பின முகம் தெரிந்தால் 'பாதுகாப்பு' என்ற பொருள்படும் சொல்லை மனத்துக்குள் சொல்வேன் என்று தீர்மானித்தவர்களிடம் தானாக எழும் முத்திரை குறைந்தது. 'வேகமாக இருப்பேன்', 'சரியாகச் செய்வேன்' என்று தீர்மானித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

உங்கள் கடைக்கு: "வங்காளதேசத்துக்காரர் வாசலைத் தாண்டியதும், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே 'வாங்க, என்ன சைஸ் வேணும்?' என்று கேட்பேன்." கண்ணில் படும் ஒரு தருணம், உடனே செய்யும் ஒரு செயல், அவ்வளவே. பையன்களை இதை எழுதச் சொல்லி, வாய்விட்டுச் சில தடவை சொல்ல வையுங்கள். அந்த நாளே ஒருவரை வாடிக்கையாளராக நடிக்க விட்டு ஒத்திகையும் பாருங்கள். 'மரியாதையாக இருப்பேன்' போன்ற பொதுப்படையான வாக்கியம் வேலை செய்யாது, எப்போது என்பது அதில் இல்லை. 'சந்தேகப்பட மாட்டேன்' என்று எதிர்மறையாக எழுதினால், முதல் பதிலில் சொன்ன அதே விளைவுதான். ஒரே வாரத்தில் நாலைந்து வாக்கியம் கொடுத்தாலும் ஒன்றும் ஒட்டாது.

திருட்டுப் பயம் நியாயமானதே. ஆனால் அதற்குரிய காவல் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்குள் எத்தனை உருப்படி போகிறது என்று எண்ணுவதானால், டத்தின் பட்டம் உள்ள பெரிய வீட்டு அம்மா வந்தாலும் எண்ண வேண்டும்.

கேள்வி: மகன் இடைநிலைப் பள்ளியில் படிவம் 4 படிக்கிறான். 'இந்தியப் பையன்களுக்குக் கணக்கு வராது' என்று யாரோ சொன்னதிலிருந்து பரீட்சை என்றாலே தடுமாறுகிறான். – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995இல் காட்டிய விஷயம் இது: தன் கூட்டத்தைப் பற்றிய தாழ்வான பேச்சைத் தானே மெய்ப்பித்துவிடுவோமோ என்ற பதற்றம், தெரிந்ததையும் எழுத விடாது. பிற்காலச் சோதனைகளில் இந்த விளைவு சிறிதாகவே தெரிந்தது. ஆகவே எல்லாத் தடுமாற்றத்துக்கும் இதையே காரணமாக்காமல், அடிப்படையில் எங்கே இடைவெளி என்றும் பாருங்கள். டியூஷன் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: திருத்திய தாளில் வெறும் 'முயற்சி செய்' வேண்டாம், எந்த வரியில் பிழை, எதை மறுபடி போட வேண்டும் என்று எழுதி, 'உன்னிடம் அதிகம் எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு திருத்துகிறேன்' என்பதையும் சேர்க்கட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் கட்டுரைத் தாள்களில் இப்படி எழுதிக் கொடுத்தபோது, கறுப்பின மாணவர்கள் திருத்தி மறுபடி சமர்ப்பிப்பது கணிசமாகக் கூடியது. வெறும் புகழ்ச்சியைப் பிள்ளைகள் நம்புவதில்லை. பிழையைச் சுட்டும் வரியும் நம்பிக்கை சொல்லும் வரியும் ஒரே தாளில் வரட்டும்.